இரு மரபில் பிறந்த ஆவணப்படக் கலைஞர் பேரி பார்க்லே: விவாத இழை

கடலாடி:

நியூசிலாந்தின் ஆவணப்பட இயக்குநர் பேரி பார்க்லேயைப் பற்றி நம்மிடையே இதுவரை பேச்சு எழுந்ததில்லை. ஆவணப்படம் எடுப்பவர்களும் அதை ஊன்றிப் பார்ப்பவர்களும் கூடும் இவ்விடத்தில் அவரைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்ற விருப்பத்தில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவர் 1944ஆம் ஆண்டு, வடக்குத் தீவின் தென்பகுதியில் உள்ள மாஸ்டர்ட்டன் ஊரில் பிறந்தார். குடும்பத்தின் ஒரு வழி, நியூசிலாந்தின் தொல்குடியினரான மாவோரியரில் ஙாத்தி ஆப்பா என்னும் குடியைச் சேர்ந்தது. மற்ற வழி ஐரோப்பியக் குடியேறிகளுடையது; அவர்களை அந்நாட்டில் பாகெஹா என்பார்கள். வைராராப்பா வட்டாரத்துப் பண்ணைகளில் வளர்ந்த சிறுவனுக்கு மாவோரிச் சமூக வாழ்வோடு நெருங்கிய பழக்கம் வாய்க்கவில்லை. பதின்பருவத்தில் கத்தோலிக்கக் குருவாக விரும்பி ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, அங்கே ரெடம்ப்டரிஸ்ட் சபையின் மடத்தில் ஆறு ஆண்டுகள் பயின்றார். குருப்பட்டம் பெறாமலே திரும்பி வந்து வானொலியில் பணியாற்றினார். பிறகு வெலிங்டனில் ஜான் ஓஷே நடத்திய பசிபிக் ஃபிலிம்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மாவோரி என்ற தம் அடையாளத்தை அவர் தேடிச் சென்று அடைந்தது இந்தக் காலத்தில்தான்.

1974ஆம் ஆண்டின் இறுதியில் நியூசிலாந்துத் தொலைக்காட்சியில் ‘தாங்கத்தா ஃபெனுவா’ என்ற ஆறு பகுதித் தொடர் ஒளிபரப்பானது. இயக்கியவர் பார்க்லே, எழுதி, முதியவர்களுடன் உரையாடியவர் பாகெஹா வரலாற்றாசிரியரான மைக்கேல் கிங். அந்நாட்டில் இரண்டாவது தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியது 1975இல்தான் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதாவது, அந்த இரவுகளில் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்து வைத்திருந்த ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும், தாடையில் மோகோ என்னும் பச்சைக்கோலம் பொறித்த மூதாட்டிகளும் தம் குடியின் நினைவுகளைச் சுமந்த முதியவர்களும் வந்து அமர்ந்து, அவசரமில்லாமல், தம் வாழ்வைத் தாமே பேசினார்கள். தம் நாட்டின் பாதிக் கதையைப் பெரும்பான்மையினர் முதன்முறையாகக் காதுகொடுத்துக் கேட்ட தருணம் அது என்பேன்.

என் கருத்து இதுதான். பார்க்லே தம் சொந்த மக்களிடமே விருந்தினராகச் சென்று சேர்ந்தவர். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தால், அவர்களுடைய பேச்சு முறையும் அவை முறையும் அவருக்கு மூச்சுவிடுவதைப் போல இயல்பாகிவிட்டிருக்கும். அவற்றைத் தனியே கவனித்திருக்க மாட்டார். முற்றிலும் அயலாராக இருந்திருந்தால், படம் எடுத்து முடித்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கலாம். விருந்தினருக்குரிய பணிவும், உறவினருக்குரிய பொறுப்பும் அவரிடம் ஒருசேர இருந்தன. அவருடைய படங்களின் உருவம் அந்த இணைப்பிலிருந்தே பிறந்தது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் என்ன கருதுகிறீர்கள்?

ஒலிநாடா:

கடலாடி அவர்களுக்கு வணக்கம். இருபதாண்டுகளுக்கு மேலாக ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்து வருபவன் என்ற முறையில், அந்தத் தொடரின் உருவத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1974இல் அந்தப் படங்கள் 16 மில்லிமீட்டர் பிலிமில் எடுக்கப்பட்டன. 400 அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். சுருள் தீர்ந்ததும் அது இருக்கும் பெட்டியான மேகசீனைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும். ஒரு மூதாட்டி, இறந்துபோன தன் அக்காளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, சொல்லத் தயங்கிய இடத்துக்கு வந்து சேரும் நேரத்தில் சுருள் தீர்ந்தால், இயக்குநருக்கு முன் இரண்டு வழிகள் இருக்கும். ‘அம்மா, கொஞ்சம் நிறுத்துங்கள்’ என்று கையைக் காட்டலாம். அல்லது படம் போனாலும் போகட்டும் என்று பேச்சைத் தொடரவிடலாம். எங்கள் தொழிலில் பெரும்பாலோர் முதல் வழியைத்தான் எடுப்பார்கள், ஏனென்றால் பிலிமுக்குப் பணம் கொடுத்தவர் வேறொருவர். அந்த நிறுத்தலுக்குப் பிறகு மீண்டும் தொடங்கும் பேச்சு பழைய பேச்சாக இருக்காது என்பது ஒலிப்பதிவாளனுக்கு நன்றாகத் தெரியும். காதொலிக் கருவியில் குரலின் ஈரம் போய்விட்டிருப்பதை நாங்கள் உடனே கேட்போம்.

பார்க்லே 1990இல் எழுதிய ‘அவர் ஓன் இமேஜ்’ என்ற நூலில் இந்தச் சிக்கலை நேராக எடுத்துக்கொண்டு பேசுகிறார். மாவோரியரின் பொது முற்றமான மராயேயில் கூடும் அவையில், பேச எழுந்தவரை இடைமறிப்பது முறையன்று. எவ்வளவு நீண்டாலும் அவர் முடிக்கும் வரை கேட்க வேண்டும். உயர்ந்தவர், எளியவர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவருக்கும் முறை வரும். கேமராவும் அந்த அவையில் கேட்பவராக அமர வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. அதற்கு நீண்ட குவியத் தொலைவுள்ள லென்ஸ்களைப் பயன்படுத்தினார். கேமராவைத் தள்ளி வைத்துவிட்டால், பேசுபவரின் கண்ணெதிரே இயந்திரம் நிற்காது. பக்கத்தில் இருப்பது உரையாடுபவரும் ஒலிவாங்கியும்தான். முகம் திரையை நிறைக்கும் அளவுக்கு அணுக்கமாகத் தெரியும். ஆனால் அந்த அணுக்கத்துக்காக எவரும் அவருடைய மூச்சுக்காற்று படும் தொலைவுக்குள் நுழைந்திருக்க மாட்டார்கள்.

தனியொருவரை நாற்காலியில் அமர்த்தி, வல்லுநராக்கி, கேமராவைப் பார்த்துப் பேசவைப்பதை அவர் கூடியவரை தவிர்த்தார். இரண்டு மூன்று பேர் தமக்குள் பேசிக்கொள்வதை அவர் விரும்பினார். ஒருவர் பேசும்போது அருகில் இருப்பவர் தலையாட்டுவதும், மறுப்பதும், மறந்துபோன பெயரை எடுத்துக்கொடுப்பதும் அவருக்குப் பேச்சின் பகுதிகளே. படத்தொகுப்பில் அவற்றை வெட்டாமல் காப்பது எவ்வளவு கடினம் என்பது, ஒளிபரப்பு நேரத்துக்கு அளந்து படம் கொடுத்தவர்களுக்குப் புரியும்.

மறுவாசிப்பு:

பார்க்லேயின் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் கடலாடி அவர்கள் இரு மரபு என்ற ஒன்றின் மீது மிகுந்த சுமையை ஏற்றுகிறார் என்று கருதுகிறேன்.

அந்தத் தொடரில் முதியவர்களின் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தவர் மைக்கேல் கிங். அவர் 1960களின் இறுதியில் ஹாமில்ட்டனில் வைகாட்டோ பகுதிச் செய்தியாளராக இருந்து, மாவோரியர் கூட்டங்களுக்குச் சென்று பழகியவர். மோகோ அணிந்த மூதாட்டிகளைப் பற்றிய அவருடைய நூல், மார்ட்டி ஃப்ரீட்லேண்டரின் ஒளிப்படங்களோடு, 1972இலேயே வெளிவந்துவிட்டது. ஆகவே விருந்தினராகப் பணிந்து சென்றவர் என்றால் முதலில் கிங்கைத்தான் சொல்ல வேண்டும். அவருக்கு மாவோரி வழி கிடையாது.

காலத்தையும் பார்க்க வேண்டும். மாவோரி மொழியைப் பள்ளிகளில் கற்பிக்கக் கோரும் மனு 1972இல் நாடாளுமன்றத்துக்குப் போனது. முதிய வயதில் ஃபீனா கூப்பர் அம்மையார் முன்னடத்திய நில உரிமை நடைபயணம் 1975 அக்டோபரில் வெலிங்டனை அடைந்தது. அந்தக் கொந்தளிப்பின் நடுவே எந்தத் திறமையான இயக்குநருக்கும் இந்தத் தொடர் கிடைத்திருக்கும்.

மேலும், கேட்கும் பழக்கத்தை மடத்தில் கழிந்த ஆறு ஆண்டுகளே அவருக்குக் கொடுத்திருக்கலாம் அல்லவா? மௌனத்தைப் பயிற்சியாக மேற்கொள்ளும் ஓர் இடத்தில் இளமையைக் கழித்தவர், பிறர் பேச்சின் இடைவெளிகளை அஞ்சாமல் விட்டுவைப்பதில் வியப்பில்லை. இரத்த வழியை வைத்துக் கலையை விளக்கும் பழக்கம் நம் ஊரிலும் மிகுதியாக உண்டு. அதை நான் எங்கும் ஏற்பதில்லை.

கடலாடி:

மறுவாசிப்பு அவர்களின் மடத்தைப் பற்றிய கருத்தை மனமார ஏற்கிறேன். அது என் வாதத்தைச் செழுமையாக்குகிறது. கிங்கின் பங்கையும் நான் குறைக்கவில்லை; அவர் இல்லாமல் அத்தொடர் இல்லை.

ஆனால் இரத்தத்தைப் பற்றி நான் பேசவில்லை. மரபு என்று நான் சொன்னது, ஒருவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை. 1987இல் பார்க்லே ‘ஙாத்தி’ என்ற கதைப்படத்தை இயக்கினார். தாமா போவாட்டா எழுதிய அந்தக் கதை 1948இல், கிழக்குக் கடற்கரையில் உள்ள காப்புவா என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. ஊருக்கு வாழ்வளிக்கும் இறைச்சிப் பதனிடும் ஆலை மூடப்படும் நிலையில் இருக்கிறது; ஒரு சிறுவன் நோயுற்றுச் சாகக் கிடக்கிறான்; ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் இளம் மருத்துவர் வந்து சேர்கிறார். தம்மை வெள்ளையர் என்றே எண்ணி வந்த அந்த மருத்துவர், தமக்கு இந்த ஊரோடு மாவோரி உறவு உண்டு என்பதை அங்கே அறிகிறார். அறிந்தபின் அவர் பார்வையாளராக இருக்க முடியாது. ஊர் அவரிடம் எதிர்பார்க்கத் தொடங்குகிறது. அந்த எதிர்பார்ப்பைத்தான் நான் மரபு என்கிறேன். படம் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. இளம் மாவோரியர் பலர் தொழில் கற்றுக்கொள்ளும் வகையில் படப்பிடிப்பு நடந்ததை, விழாவில் கிடைத்த மதிப்பைவிடப் பெரிதாக நான் கருதுகிறேன்.

கதைப்படத்தைப் பற்றி மேலும் பேசினால் இழை திசைமாறும். பொறுப்பு என்பதற்கு அவருடைய ஆவணப்படங்களிலிருந்தே சான்று காட்ட முடியும். ‘தி ஃபெதர்ஸ் ஆஃப் பீஸ்’ படத்தைப் பார்த்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

முத்துக்குளி:

அந்தப் படத்தைப் பற்றி எழுதவே நான் உள்ளே வந்தேன். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அதுவே பார்க்லேயின் மிகக் கடினமான, மிக நேர்மையான படம் என்பது என் உறுதியான எண்ணம். பார்க்காதவர்களுக்காக வரலாற்றை முதலில் சொல்கிறேன்.

நியூசிலாந்தின் கிழக்கே கடலுக்குள் இருக்கின்றன சாத்தம் தீவுகள். அங்கே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள் மொரியோரி மக்கள். நுனுக்கு என்ற முன்னோர் வகுத்த நெறி அவர்களைக் கட்டுப்படுத்தியது: சண்டை வந்தால் கோலால் அடித்துக்கொள்ளலாம், முதல் துளி இரத்தம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், கொலை கூடாது. 1791 நவம்பரில் வில்லியம் பிராட்டனின் தலைமையில் வந்த ‘சாத்தம்’ என்ற பிரிட்டிஷ் கப்பலின் ஆட்கள் கரையிறங்கி, கைகலப்பில் ஒரு மொரியோரி ஆடவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1835 இறுதியில், ஙாத்தி முத்துங்கா, ஙாத்தி தாமா என்ற மாவோரிக் குடிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 900 பேர் ‘ராட்னி’ என்ற ஐரோப்பியக் கப்பலில் இரு பயணங்களாக வந்து இறங்கினர். அவர்கள் நிலத்தைத் தமதாக்கிக்கொள்ளத் தொடங்கியபோது, மொரியோரி ஆடவர்கள் தே அவாப்பாத்திக்கி என்னும் இடத்தில் அவை கூடினர். எதிர்த்து நிற்கலாம் என்றனர் இளையோர். நுனுக்குவின் நெறியை மீற முடியாது என்றனர் முதியோர். முதியோர் சொல்லே நின்றது. அதன் பிறகு ஏறத்தாழ 300 பேர் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் அடிமைகளாக்கப்பட்டனர், நோயும் ஏக்கமும் மிச்சத்தை அழித்தன. 1862இல் எஞ்சியிருந்தவர்கள் 101 பேர். 1870இல் நிலத்துக்கான நீதிமன்றம் தீவுகளின் 97 விழுக்காட்டுக்கும் மேலான நிலத்தை, வென்று பிடித்தவர்களுக்கே உரிமையாக்கியது.

இவ்வளவும் மைக்கேல் கிங் 1989இல் எழுதிய மொரியோரி வரலாற்று நூலில் இருக்கின்றன. பார்க்லே எடுத்த வழி வேறு. அவர் அந்தக் காலத்துக்குள் ஒரு செய்தியாளரை அனுப்புகிறார். செய்தியாளர் திரையில் தோன்றுவதில்லை. கேள்வி மட்டும் கேட்கிறது. நடிகர்கள் அக்காலத்து மனிதர்களாக, இன்றைய செய்திப்படத்தில் பேட்டி கொடுப்பதைப் போல, கேமராவுக்கு முன் நின்று பதில் சொல்கிறார்கள். மாலுமி சொல்கிறான், மொரியோரி முதியவர் சொல்கிறார், வந்திறங்கிய மாவோரி வீரன் சொல்கிறான், அதிகாரி சொல்கிறார். கொலை செய்தவன் தன் செயலை மறைக்காமல், தன் குடியின் வழக்கப்படி நிலத்தைப் பிடித்தோம் என்று நிதானமாகச் சொல்லும்போது, பார்ப்பவரால் அவனை வெறும் கொடியவனாக ஒதுக்கிவிட முடிவதில்லை. அவனும் முழுதாகப் பேசி முடிக்கிறான். ஒலிநாடா அவர்கள் சொன்ன அவை முறை இங்கே கொன்றவனுக்கும் வழங்கப்படுகிறது. அது என்னை இன்றுவரை உறுத்துகிறது. உறுத்த வேண்டும் என்றே பார்க்லே அவ்வாறு அமைத்தார் என்று நம்புகிறேன்.

இந்தப் படம் ஏன் துணிச்சலானது என்பதையும் சொல்ல வேண்டும். மொரியோரியைப் பற்றி ஒரு பொய்க்கதை நியூசிலாந்துப் பள்ளிகளில் பல தலைமுறைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. அவர்கள் வேறோர் இனம், மாவோரியர் வந்து அவர்களைத் தீவுகளுக்குத் துரத்தினர், எனவே மாவோரியரிடமிருந்து ஐரோப்பியர் நிலத்தைப் பெற்றதும் அவ்வகையே என்பது அந்தக் கதையின் பயன்பாடு. உண்மையில் மொரியோரியும் மாவோரியரும் ஒரே பாலினீசிய மூதாதையரின் வழிவந்தவர்கள். ஆகவே 1835ஆம் ஆண்டைப் பற்றி ஒரு மாவோரி இயக்குநர் படமெடுப்பது, தம் மக்களின் பகைவர்களுக்கு ஆயுதம் எடுத்துக் கொடுப்பதாகவே பலருக்குத் தோன்றும். பார்க்லே அதை அறிந்தே செய்தார். 1791இன் துப்பாக்கியையும் 1870இன் தீர்ப்பையும் அதே படத்தில் வைத்ததால், இரு தரப்பிலும் எவரும் கைகழுவிக்கொள்ள வழியில்லாமல் போனது.

மறுவாசிப்பு:

முத்துக்குளி அவர்களின் பதிவுக்கு நன்றி. ஒரு திருத்தம் போலன்றி, ஒரு கேள்வியாக இதைக் கேட்கிறேன்: வந்திறங்கியவர்கள் பார்க்லேயின் குடியினர் அல்லர். ஙாத்தி ஆப்பா ரங்கிட்டிக்கேய் வட்டாரத்தைச் சேர்ந்த தனிக்குடி. அப்படியிருக்க, அது அவருடைய பொறுப்பு எவ்வாறு ஆகும்? எல்லா மாவோரியரையும் ஒரே தொகுப்பாகக் காண்பது நம்முடைய பார்வைதானே?

இன்னொன்றும் என்னை வாட்டுகிறது. 2002இல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பார்க்லே ‘நான்காம் சினிமா’ என்ற கருத்தை முன்வைத்தார். ஹாலிவுட் முதலாவது, கலைப்படம் இரண்டாவது, மூன்றாம் உலக நாடுகளின் சினிமா மூன்றாவது. ஒரு தேசத்துக்குள் அதன் அதிகாரத்துக்கு வெளியே வாழும் தொல்குடிகளின் சினிமா நான்காவது என்றார். அது தொல்குடியினரின் கதையை அவர்களே சொல்ல வேண்டும் என்று கோரும் கருத்து. அதே அளவுகோலை வைத்தால், மொரியோரியின் கதையை மாவோரி ஒருவர் சொல்வது எப்படிப் பொருந்தும்?

முத்துக்குளி:

நேர்மையான கேள்வி. அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. ஆனால் அந்த உரையில் பார்க்லே எடுத்துக்காட்டாகக் கொண்டதை நினைவூட்ட விரும்புகிறேன்.

பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலின் மாலுமிகள் செய்த கலகத்தைப் பற்றி 1984இல் வந்த பெரும்படத்தில், கப்பல் தஹித்தித் தீவை நெருங்கும் காட்சியை அவர் எடுத்துக்கொள்கிறார். கேமரா எங்கே நிற்கிறது? கப்பலின் மேல்தளத்தில். அங்கிருந்து பார்த்தால் கரையில் ஓடி வருபவர்கள் அழகிய அந்நியர்கள். அதே கேமராவை எடுத்துக் கரையில் வைத்தால் என்ன தெரியும் என்று கேட்கிறார். கடலில் வந்து நிற்பது என்ன, அதிலிருந்து இறங்குபவர்கள் யார், அவர்கள் நம்மை என்ன செய்யப் போகிறார்கள் என்பது தெரியும்.

இப்போது சாத்தம் தீவுக்கு வாருங்கள். 1791இல் பிராட்டனின் கப்பல் வருகிறது. பார்க்லேயின் செய்தியாளர் கரையில் நிற்கிறார். 1835இல் ‘ராட்னி’ வருகிறது. கப்பலில் இருப்பவர்கள் மாவோரியர். செய்தியாளர் இப்போதும் கரையிலிருக்கும் மொரியோரியின் பக்கமே நிற்கிறார். பார்க்லேயின் கொள்கை உண்மையான சோதனைக்கு உள்ளானது இங்கேதான். கப்பலில் தம் உறவினர் வந்தாலும் கேமராவின் இடத்தை மாற்றமாட்டேன் என்று அவர் செய்து காட்டினார். அவர்கள் தம் நேர் குடியினர் அல்லர் என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். மாவோரியருக்கு எதிரான வாதமாக உலகம் அந்த வரலாற்றைப் பயன்படுத்தியபோது அது குடி பார்த்துப் பயன்படுத்தப்படவில்லை என்பது அவருக்குத் தெரியும். மொரியோரியே இயக்கிய படம் ஒன்று வருமானால் அது இதைவிட மேலானதாக இருக்கும் என்பதில் எனக்கும் ஐயமில்லை.

மொரியோரி மக்கள் அழிந்துவிடவும் இல்லை. அவர்களுடைய உரிமைக் கோரிக்கையை அரசு ஏற்றுச் செய்த உடன்பாடு 2021இல் சட்டமானது. பார்க்லே அதைக் காண இருந்திருக்க வேண்டும்.

சுவடியறை:

நூலகத் துறையில் இருப்பவள் என்பதால், படம் எடுத்து முடித்த பிறகு நடப்பதைப் பற்றி எழுதுகிறேன். பார்க்லேயின் சிந்தனையில் இப்பகுதி மிகக் குறைவாகப் பேசப்படுகிறது.

1919 முதல் 1923 வரை ஜேம்ஸ் மெக்டொனால்டு என்பவர் அருங்காட்சியகத்துக்காக மாவோரி வாழ்வைப் படம் பிடித்தார். மீன்கூடை பின்னுவது, நெய்வது, விளையாடுவது ஆகியவை அவற்றில் உண்டு. பல பத்தாண்டுகள் பெட்டியில் கிடந்த அந்தப் பிலிம்களை 1980களில் நியூசிலாந்துத் திரைப்பட ஆவணக் காப்பகம் சீர்செய்தது. அதன் முதல் இயக்குநர் ஜொனத்தன் டென்னிஸ் அவற்றை எடுக்கப்பட்ட ஊர்களுக்கே கொண்டுசென்று மராயேக்களில் திரையிட ஏற்பாடு செய்தார். பார்த்தவர்கள் திரையில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அழைத்தார்கள், அழுதார்கள், பேசினார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது படம் அன்று, பாட்டன் வந்து நிற்பது.

இந்த அனுபவத்திலிருந்து ஒரு நடைமுறை வளர்ந்தது. மாவோரியர் தோன்றும் படச்சுருள்களைப் பொதுவெளியில் காட்டுவதற்கு முன், அவற்றில் இருப்பவர்களின் சந்ததியினரிடம் இசைவு கேட்பது. சட்டப்படி அதற்குத் தேவை இல்லை. காப்புரிமை, படம் எடுத்தவருக்கோ நிறுவனத்துக்கோ உரியது. குறிப்பிட்ட காலம் கடந்தால் எவருக்கும் உரியதன்று. 2005இல் வெளிவந்த ‘மானா தூத்தூரு’ என்ற நூலில் பார்க்லே இந்த இடைவெளியைத்தான் ஆராய்கிறார். உடைமை என்ற ஒன்றை மட்டுமே சட்டம் அறிகிறது; பாதுகாவல் என்ற உறவை அது அறியவில்லை. தம் பாட்டியின் முகத்துக்கு ஒரு குடும்பம் உடைமையாளர் அன்று. ஆனால் அந்த முகம் எங்கே, எப்படிக் காட்டப்படுகிறது என்பதில் அவர்களுக்குக் கடமை இருக்கிறது. கடமை இருப்பவர்களிடம் கேட்காமல் காட்டக் கூடாது.

அவர் இதை வெளியிலிருந்து எழுதவில்லை. ‘தாங்கத்தா ஃபெனுவா’வில் பேசிய முதியவர்கள் காலப்போக்கில் ஒவ்வொருவராக மறைந்தார்கள். 1974இல் ஒரு தொலைக்காட்சித் தொடராக இருந்தது, முப்பதாண்டுகளில் பல குடும்பங்களுக்கு முன்னோரின் குரலைக் கேட்கக் கிடைத்த அரிய சுருள் ஆகிவிட்டது. அதை எடுத்தவர் என்ற முறையில் தமக்கு அதன் மீது உரிமை கூடியதாக அவர் கருதவில்லை. கடன் கூடியதாகக் கருதினார்.

மறுவாசிப்பு அவர்களுக்கு ஒரு சொல்: இந்தக் கடனை இரத்தம் கொடுக்கவில்லை என்பதில் நான் உங்கள் பக்கம். கிங்குக்கும் அதே கடன் இருந்தது. டென்னிஸ் பாகெஹாதான், சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். ஆனால் நாட்டின் சட்டம், மாவோரி நெறி என்ற இரண்டுக்கும் ஒருசேரக் கட்டுப்பட்டு வாழ்ந்த பார்க்லேக்குத்தான், ஒன்று மற்றதைக் காணத் தவறும் இடம் அன்றாடம் கண்ணில் பட்டது.

மறுவாசிப்பு:

சுவடியறை அம்மையாரின் கடைசி வரியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அந்த அளவில் என் மறுப்பு இல்லை.

ஒலிநாடா:

இரு படங்களைச் சேர்க்க வேண்டும். ‘தி நெக்லெக்டெட் மிராக்கிள்’, 1985. உணவுப் பயிர்களின் விதை யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றிய முழுநீள ஆவணப்படம். பெரு, நிகராகுவா முதலிய நாடுகளின் உழவர்களையும், செல்வ நாடுகளின் பயிர் ஆய்வாளர்களையும் அருகருகே வைத்தது. உழவர்கள் தலைமுறைகளாகத் தேர்ந்து காத்த விதையை ஒருவர் எடுத்துச் சென்று, சிறிது மாற்றி, உரிமைப்பத்திரம் போட்டு, அவர்களுக்கே விற்பது எப்படி நியாயமாகும் என்ற கேள்வியை அவர் அப்போதே எழுப்பினார். சுவடியறை அவர்கள் எழுதிய பாதுகாவல் என்ற எண்ணம், இருபதாண்டுகளுக்கு முன் விதையில் தொடங்கியிருக்கிறது. அவருடைய பணியில் இந்தத் தொடர்ச்சியைப் பலர் கவனிப்பதில்லை.

மற்றது ‘தி கைப்பாரா அஃபேர்’, 2005. கைப்பாரா துறைமுக நீர்ப்பரப்பின் கரையில் இருக்கும் தினோப்பாய் என்ற சிற்றூர். பெரிய அளவில் வணிகத்துக்காக மீன்பிடித்தவர்களால் தங்கள் நீரில் மீன் அற்றுப்போகிறது என்று கண்ட மாவோரியரும் பாகெஹாவும் ஒன்றாகச் சேர்ந்து போராடினார்கள். பார்க்லேயின் இரு வழியினரும் ஒரே படகுத்துறையில், ஒரே பக்கத்தில் நின்ற படம் இதுவே. ஊர்க்கூட்டத்தில் எழுந்தவர்கள் அனைவரையும் பேசவிட்டார். அதனால் படம் நீண்டது. ஒளிபரப்புக்காக அதைச் சுருக்கினார்கள். சுருக்கிய வடிவத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். எந்தப் பேச்சை வெட்டலாம் என்று ஊரார் அவருக்கு உரிமை கொடுக்கவில்லை என்பதே அவர் வாதத்தின் உட்பொருள் என்று நான் புரிந்துகொண்டேன். என் தொழிலில் இந்த வாதத்தை வேறு எந்த இயக்குநரும் இவ்வளவு உறுதியோடு முன்வைத்து நான் அறிந்ததில்லை.

கடலாடி:

அனைவருக்கும் நன்றி. பார்க்லே தம் கடைசி ஆண்டுகளில் வடக்கே ஹொக்கியாங்காப் பகுதியில் வாழ்ந்து, 2008 பிப்ரவரியில் மறைந்தார். அவரைப் பற்றி கிரேம் டக்கெட் எடுத்த ஆவணப்படம் 2009இல் வெளிவந்தது. வாழ்க்கை விவரங்களை முழுமையாக அறிய விரும்புவோர் அதில் தொடங்கலாம்.

‘தாங்கத்தா ஃபெனுவா’ தொடரை ‘என்இசட் ஆன் ஸ்கிரீன்’ இணையதளத்தில் காணலாம். முதல் பகுதியை முதலில் பாருங்கள். இடையில் நிறுத்தாமல் பாருங்கள். அடுத்து ‘தி ஃபெதர்ஸ் ஆஃப் பீஸ்’. முத்துக்குளி அவர்களை உறுத்திய கேள்வி, அதாவது கொன்றவனுக்கும் பேசும் முறை கொடுக்கலாமா என்பது, எனக்கு இன்னும் தீரவில்லை. கரையில் நின்று கேட்கும் கேமரா கப்பலிலிருந்து இறங்கியவனையும் அதே பொறுமையோடு கேட்குமானால், அது இறந்தவர்களுக்குச் செய்யும் நீதியா, அநீதியா? படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் அந்த இடத்திலிருந்து தொடருங்கள்.